மோவாய் மச்சம்

செல்லி பதினாறு வயதில் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவள். பொம்மிடி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த நூல் மில்லில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மெஷின். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு வந்தவள். வயிற்றுவலியில் நான் சுருண்டு உட்காரும் நாட்களில் என் மெஷினில் அறுகிற நூலையும் அவளே ஓடி ஓடி ஒட்டுவாள். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. எல்லாரும் கையாலேயே பேசிக்கொள்வோம். மோவாயில் விரலால் தட்டினால் அது நான். எனக்கு அங்கே ஒரு மச்சம்.

கல்யாணமானதும் நான் நின்றுவிட்டேன். செல்லி மில் மூடும்வரை இருந்தாள். இப்போது அந்த நூறு வருஷக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்து, டிக்கெட் போட்டு, கண்காட்சியாக்கி இருக்கிறார்கள்.

போன ஞாயிறு அதைப் பார்க்கலாம் என்று சம்பந்தி வீட்டார் கூப்பிட்டார்கள். மகள் மணிமேகலைக்கு வைகாசியில் கல்யாணம். நிச்சயத்தன்று என் வீட்டுக்காரர், "எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்கே போனதில்லைங்க" என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னார். நான் காபித் தட்டை அவர்கள் பக்கம் நீட்டினேன்.

உள்ளே, நீலப் புடவையில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள் செல்லி. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி மோவாயில் தட்டினாள். சாப்பிட்டாயா என்று விரல்களைக் குவித்துக் காட்டினாள்.

நான் முந்தானையால் மச்சத்தை மூடிக்கொண்டேன்.

சம்பந்தியம்மா கவனித்துவிட்டார். "இவங்களத் தெரியுமாங்க உங்களுக்கு?" என்று செல்லியிடம் கேட்டார்.

செல்லி என் கையைப் பார்த்தாள். "இல்லீங்க. கொசு கடிச்சுது, தட்டிக்கிட்டேன்."

"கொசுவுக்கும் டிக்கெட் உண்டா?" என்றார் சம்பந்தி மாதவராஜ்.

"அது பழைய லேபருங்க. ஃப்ரீதான்" என்றாள் செல்லி.

எல்லாரும் சிரித்தார்கள். இரைச்சலில் கையால் பேசிக்கொண்டதை, மில் மூடினபிறகு ஓட்டலில் பாத்திரம் கழுவியதை, புருஷன் போனதை, இப்போது அதே மெஷினைத் துடைப்பதை அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னாள் செல்லி. கைப்பேச்சைச் செய்து காட்டச் சொன்னார் மாதவராஜ். தண்ணி, பஞ்சு, வூட்டுக்குப் போலாம் என்று வரிசையாகக் காட்டினாள். கடைசியில், என் பக்கம் திரும்பாமலே, உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அழுத்தினாள்.

"இது என்னம்மா?"

"சூப்பர்வைசர் வர்றாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கோன்னு அர்த்தங்க."

அதற்குப் பதில் சொல்ல எனக்கும் தெரியும். ஒரு கை போதும். அந்தக் கையை நான் மோவாயிலிருந்து எடுக்கவில்லை.

வேனில் ஏறும்போதும் முந்தானை அங்கேயேதான் இருந்தது.

"பல்வலிங்களா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"ஆமாங்க" என்றேன்.