வெறும் தட்டில் பதினாலு டன்

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில், கிளியனூரைத் தாண்டி ஓர் எடைமேடை இருக்கிறது. லாரியை அப்படியே ஏற்றி எடை பார்க்கும் இரும்புத் தட்டு. பக்கத்தில் சின்ன அறை. அதில்தான் எனக்கு வேலை.

ஆறாவது வரை படித்தேன். இந்த வேலைக்கு அது போதும். காலி வண்டி ஏறினால் ஒரு பட்டன். பாரத்தோடு ஏறினால் ஒரு பட்டன். கழித்தல் கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். முன்பு தனியாக ஒரு பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை ஓடும். அதன் விளக்கு செத்துப் போய் நாளாகிவிட்டது. திரையில் என்ன வருகிறதோ அதுதான் எடை.

முதலாளி பாண்டிச்சேரியில் இருக்கிறார். கேமரா வைத்தார். தட்டில் நடப்பதை அங்கிருந்தே போனில் பார்க்க வேண்டும், படம் தடங்கவே கூடாது என்றார். மாட்ட வந்தவன் ஏதோ தட்டிவிட்டு, "இனிமே தண்ணி மாதிரி ஓடும்ணே" என்று சொல்லிப் போனான். ஓடியது. என் திரையிலும் ஓர் ஓரத்தில் படம் ஓடியது.

மறுநாள் மதியம் சவுக்கு லோடு ஒன்று வந்தது. காலையில் அதே தோப்பிலிருந்து ஒரு லோடு எடை போட்டுப் போன அதே லாரிதான். வியாபாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். மரம் வெட்டினவர்கள் கட்டைமேல். தோட்டக்காரர் பைக்கில் பின்னால் வந்தார். நாலு வருஷம் வளர்த்த தோப்பு. எடை எவ்வளவோ அவ்வளவுதான் அவருக்கு விலை.

பட்டனை அழுத்தினேன். பதினாலு டன். வண்டியின் எடை கழித்தால் எட்டு.

தோட்டக்காரர் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னாய்யா எட்டு? பதினொண்ணுக்குக் கொறையாது. மூணு டன்ன காக்கா தூக்கிக்கினு போச்சா?"

"மிஷின் காட்றதுதாங்க."

"மிஷினு எங்கூரு சாமியா? அது சொன்னா நான் கன்னத்துல போட்டுக்கணுமா?"

வியாபாரி சிரித்தார். "பச்சை மரம்னு நெனச்சிக்கினு கீறாரு. வெட்டி நாலு நாளு காஞ்சிப் போச்சு பெரியவரே. பில்லு போடுப்பா, ஜல்தி."

வெட்டினவர்கள் இறங்கி வந்தார்கள். எல்லாரும் தோட்டக்காரர் ஊர். கையில் வெட்டுக்கத்தி. அது அவர்கள் தொழில் சாமான், தெரியும். ஆனாலும் என் அறைக் கதவு அலுமினியத் தகடு.

"வண்டிய எறக்கி மறுபடி ஏத்துடா" என்றார் தோட்டக்காரர் டிரைவரிடம்.

லாரி இறங்கியது. ஓரத்துப் படத்தில் பார்த்தேன். தட்டு காலி. எண் அப்படியே நின்றது. பதினாலு டன்.

திரை என் பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

லாரி மறுபடி ஏறியது. பதினாலு டன்.

"பாத்தியா?" வியாபாரி தொடையைத் தட்டினார். "ரெண்டு தபாவும் ஒரே எடை. இன்னும் இன்னா சாட்சி வேணும்?"

அதற்கு முன் ஏறியது ஒரு செங்கல் லாரி. அதுவும் பதினாலு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் இவருடைய மரம் என் கையால் போகும்.

பிறகு, "வண்டிய எறக்குங்க" என்றேன். இறங்கியதும் திரையை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

வெறும் தட்டு. பதினாலு டன்.

ஒரு கை ஜன்னல் வழியாக வந்து என் சட்டையைப் பிடித்தது. "திருட்டுத்தனம் பண்ணிக்கினு உக்காந்துகினு கீறியா?"

அந்த நேரத்தில் முதலாளி போன் செய்தார். "நான் பாத்துக்கினுதான் இருக்கேன், பயப்படாத."

நான் போனைத் துண்டித்து, விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் அவர்தான். சட்டை இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. கேமரா கதையைச் சொன்னேன்.

"முதலாளி இப்போ போன்ல படம் பாக்குறாரா? மூடச் சொல்லுங்கண்ணே."

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூடினார்.

எண் துடித்தது. மடமடவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. சட்டையைப் பிடித்த கை தானாக விட்டது.

லாரியை மறுபடி ஏற்றினோம். பதினேழு. சவுக்கு பதினொன்று.

தோட்டக்காரர் முகத்தில் சந்தோஷம் இல்லை. என்னையே பார்த்தார்.

"காலையில போன லோடு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வியாபாரி, "அது முடிஞ்ச கத" என்றார். "பேப்பர் மில்லுல மறுபடி ஒரு எடை போடுவாங்க. அந்தச் சீட்டு வாங்காம விடாதீங்க" என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். வியாபாரி என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பேச்சில் உனக்கென்ன வேலை என்று இருந்தது.

சாயந்திரம் அந்த அம்மா பஸ் பிடித்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள ஒரே ஆளுதாண்ணே. பழைய மிஷினு. எல்லா வேலையும் ஒண்ணாப் பண்ற மாதிரி தெரியும். பண்ணாது. ஒண்ணப் பாதியில நிறுத்தும், எங்க விட்டோம்னு குறிச்சி வெச்சுக்கும், அடுத்தத எடுக்கும். திரும்பி வந்து விட்ட எடத்துல தொடரும். கண்ணு சிமிட்டறதுக்குள்ள எத்தினியோ தபா மாறும்."

"அப்போ எடை?"

"தட்டுலேர்ந்து எடைய வாங்கறது ஒரு வேலை. திரையில காட்டிப் பில்லு போடறது வேற வேலை. கேமராவுக்கு, அத மாட்ட வந்தவன் எல்லாத்துக்கும் மேல எடம் குடுத்துட்டுப் போயிட்டான். முதலாளி பாக்கறப்போல்லாம் கேமரா அந்த எடத்த விட்டு எழுந்திருக்கவே இல்ல. எடை வாங்கற வேலைக்கு முறையே வரல. கடைசியா வாங்கின எண்ணத்தான் திரை காட்டிக்கினு இருந்துச்சு."

"நின்னுட்டேன்னு அது சொல்லாதா?"

"நின்னது அதுக்கே தெரியாதுண்ணே. அதப் பொறுத்த வரைக்கும் அந்தச் செங்கல் லாரி இன்னும் தட்டு மேலயேதான் நிக்குது."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமராவின் இடத்தை எடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் தோட்டக்காரர் வந்தார். பைக்கிலிருந்து இறங்கவில்லை. ஜன்னல் ஓரம் நிறுத்தினார்.

"மில்லு சீட்டு வந்துச்சு. காலை லோடுல ரெண்டு டன் கூட இருக்குது. யாவாரி ஒத்துக்கினாரு."

"நல்லதுங்க."

அவர் போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்படியென்றால் முன்தினம் காலையிலேயே எண் நின்றிருக்கிறது. அந்தக் காலையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஏற்றிய டிராக்டர், நெல் வண்டி, வைக்கோல் வண்டி என்று பலரும் ஏறினார்கள். எல்லாருக்கும் நான்தான் பட்டனை அழுத்தினேன். அவர்களுக்கு மறு எடை போட மில் இல்லை. யாரும் கேட்டு வரவும் இல்லை. ஜன்னலில் நிழல் விழுந்தால் இப்போதும் எனக்குத் தூக்கிப் போடுகிறது.