வெள்ளைப் பூ

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சாமான்கள் மாடிக்கு ஏறத் தொடங்கும். முதலில் அரிசி டிரம், அடுத்து தையல் மெஷின், பிறகு துணிமணி. ஃப்ரிட்ஜை மட்டும் தூக்க முடியாது. செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்திவிட்டு சாமியைக் கும்பிட்டுக்கொள்வோம். சென்னை ஓரத்து முடிச்சூரில் எங்கள் தெரு முழுக்க இதே வேலைதான். அந்தப் பெரிய வெள்ளத்தில் தெருவுக்குள் படகு வந்தது. அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே எல்லோரும் படியில் ஏறி இறங்குகிறோம். எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. இருந்தாலும் வாய் திறந்து அலுத்துக்கொள்ள மாட்டேன். இந்த மனையை வாங்கியதே என்னால்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மேற்குத் தாம்பரத்தில் ஐந்து குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் ஓர் அறையும் சமையல் மூலையும் எங்களுடையவை. வீட்டுச் சொந்தக்காரம்மா, எங்கள் அம்மா குளிக்கும்போது கதவைத் தட்டி எத்தனை வாளி ஆயிற்று என்று கேட்பார். அம்மா உள்ளிருந்து பதில் சொல்வாள். வெளியே வந்ததும் எங்கள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மனை புரோக்கர். சட்டைப் பையில் லேஅவுட் படத்தை மடித்து வைத்துக்கொண்டு வருவோர் போவோரிடமெல்லாம் விரித்துக் காட்டுவார். கோடையில் முதல் மழை கொட்டிய மறுநாள் சாயங்காலம் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா, அம்மா, நான், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த தம்பி.

வயல்கள் முடிந்த இடத்தில் ஒரு சின்னக் காடு. நுணா, புங்கன், ஈச்சம், நடுவே முள்ளுப் புதர்கள். அதை வெட்டி மனை போட்டுக்கொண்டே வந்தவர்கள் பாதியில் நிறுத்தியிருந்தார்கள். மாமா காட்டிய மனையில் மரங்கள் இன்னும் நின்றன. அந்த மர நிழலில், ஈரத் தரையில், வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் ஆறு நீண்ட மெல்லிய இதழ்கள், சிலந்தி காலை விரித்த மாதிரி. நடுவில் காகிதத்தில் செய்தது போல ஒரு கிண்ணம். பக்கத்தில் போகும் முன்பே வாசனை வந்து முகத்தில் மோதியது. சில வருடங்களுக்கு முன் என் மகள் போனில் தேடி, அது ஸ்பைடர் லில்லியில் ஒரு வகை என்றாள். அன்று பார்த்தபோது எனக்குப் பெயர் தெரியாது.

"மச்சான், பூந்தோட்டத்தோட மனை. தோட்டத்துக்குத் தனியா ஒண்ணும் கேக்கல பாத்துக்குங்க" என்று மாமா அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "இந்தக் காட்டுல மனுஷன் இருப்பானா? எனக்கு வேணாம்பா" என்றாள். சொல்லிவிட்டு, கல் நட்டிருந்த நான்கு மூலைக்கும் ஒரு தடவை நடந்தாள். கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் பூப் பறிக்கப் போய்விட்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா கண்ணு, பூ பறிக்கிறியா? அது காட்டு வெங்காயம். ஆடுகூட வாய் வெக்காது. மழத் தண்ணி வந்து நிக்கிற எடமாப் பாத்துதான் பூத்துகினு கீது. மேட்டாண்ட ஒண்ணாவது கீதா, நீயே பாரு."

பார்த்தேன். மேட்டில் ஒன்றுகூட இல்லை. தலையாட்டினேன். அவள் என்னைத் தாண்டி, மாமா படத்தை விரித்துப் பிடித்திருக்க அப்பா குனிந்து பார்ப்பதைப் பார்த்தாள். "ஒங்கப்பாருகிட்ட சொல்லு, இன்னா?" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். அந்த வயதில் புது மனிதர்கள் எது சொன்னாலும் தலையாட்டிவிட்டு ஓடிவிடுவேன். இப்போதும் அப்படித்தான்.

திரும்பும் வழியெல்லாம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா யார் சொன்னாலும் சரி என்பவர், யாராவது சொல்லவேண்டும். கடைசியில், சாலையோர அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, சின்னப் பிள்ளையை ஒன்று எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் வாங்கலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

பூசாரியிடம் செவ்வரளி இருந்தது. வெள்ளைப் பூ இல்லை. அம்மா என் கையிலிருந்த பூக்களைப் பார்த்தாள். "மோந்து பாத்தியா?" என்றாள். முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. இல்லை என்று தலையாட்டினேன். வழியெல்லாம் முகர்ந்துகொண்டுதான் வந்திருந்தேன்.

பொட்டலங்களை அம்மாவே கட்டினாள். வழக்கமாக இந்த மாதிரிக் காரியத்துக்கெல்லாம் தம்பியைத்தான் முன்னால் தள்ளுவார்கள். பூசாரியும் அவனைத்தான் கூப்பிட்டார். "அவன் வேணாம் சாமி, மூக்கு ஒழுகிகிட்டு இருக்கான். இவ எடுக்கட்டும்" என்றாள் அம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குனிந்தேன். இரண்டு பொட்டலமும் ஒரே அளவு. ஆனால் வலது பக்கத்துப் பொட்டலத்திலிருந்து அந்தக் காடு முழுவதும் மணத்தது. அந்தப் பூக்களெல்லாம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. எடுத்துவிட்டேன். பிரித்தார்கள். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா, "நான் வேணாம்னுதான் சொன்னேன், அம்மனே குடுத்துட்டா, நான் என்ன பண்ண?" என்றாள்.

வீடு கட்ட ஆரம்பித்த முதல் நாளே லாரியில் கிராவல் மண் வந்து இறங்கியது. பூ இருந்த இடம் அதற்கடியில் போய்விட்டது. நான் தோண்டி எடுத்து வைத்திருந்த நான்கு கிழங்குகளைப் பெயிண்ட் டப்பாவில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி அழுகவைத்தேன். கிழக்கு மூலையில் அம்மாவின் சமையலறை வந்தது. அம்மா ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்தாள். இரண்டாவது மழைக்காலத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

ஒவ்வொரு தடவை வரும்போதும் அம்மா, "அம்மன் குடுத்த எடம், அவ பாத்துப்பா" என்பாள். அப்பா போய்ச் சேர்ந்தார், மாமா போய்ச் சேர்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, மாடிப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் மாத்திரை டப்பா. களைப்பில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "அம்மா, அன்னிக்கு நான் சாமியைக் கேட்டு எடுக்கல. வாசனைய வெச்சு எடுத்தேன்."

அம்மா டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"தெரியும். அதான் உன் தம்பிய எடுக்க உடல. அவனுக்கு அன்னிக்கு மூக்கு அடைச்சிருந்துச்சி."

நான் அவள் மடியிலிருந்து டப்பாவை எடுத்துப் படியில் வைத்தேன்.

"எந்தம்பி காட்டுன எடம். நான் சரின்னு சொல்லி ஏதாவது ஆயிருந்தா உங்க அத்தைங்க என்னை உசிரோட வெச்சிருப்பாங்களா? சாமி சொன்னா யாரு வாயத் தொறப்பா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்குன்னு ஒரு பாத்ரூம் வேணும்னு இருந்துச்சிடி" என்றாள்.

முப்பத்தெட்டு வருடம் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரிதான் இருந்தது. தூறல் ஆரம்பித்தது. தெருக்கோடியில் கேஸ் நடக்கிற காலி மனை ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும் இன்னும் நாலு புங்க மரம் நிற்கிறது. கோடையில் முதல் மழைக்கு அந்தப் பூ அங்கே இரண்டு மூன்று வரும். படியிலிருந்து பார்த்தால் அந்த மனை தெரியும். அங்கே தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தது.

தண்ணீர் நிற்கிற இடம் என்று ஆடு மேய்த்த அக்கா சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. இனிமேல் சொல்வேனா என்றும் தெரியவில்லை. அப்பாவிடம் சொல் என்றாளே, அவரிடம் பூவின் பெயரைச் சொல்லச் சொல்கிறாள் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.