மூச்சு விடத் தெரியாத ராயப்பன்

டிசம்பர் வந்தால் எனக்கு எரிச்சலும் கூடவே வந்துவிடும். பெங்களூர், ஹைதராபாத்தில் இருக்கிறவர்களெல்லாம் லீவு போட்டுவிட்டு, கடலுக்கடியில் மீன் பார்க்கிறோம் என்று பாண்டிச்சேரிக்குக் கிளம்பி வருவார்கள். அவர்கள் பெயர், வயது, ஆஸ்துமா உண்டா, காதில் சீழ் வருமா என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் ஸ்கூபா டைவிங் கடையில் என் வேலை. திண்டிவனத்தில் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் கடையை ஆறேகாலுக்காவது திறக்க முடியும். பஸ்ஸில் நான் தூங்கி வழிவேன். கிளியனூரில் ஏறும் ராயப்பன் அண்ணா பின் சீட்டில் என்னைவிட மோசமாக வழிவார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. காற்று நிரப்பிய சிலிண்டர்களைக் கடையிலிருந்து படகுக்குத் தூக்கிப் போவதும், காலியானதைத் திரும்பத் தூக்கி வருவதும் அவர் வேலை. சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது சிலிண்டராவது இருக்கும். மூன்று வருஷம் தூக்கியதில் இடுப்பில் முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட முதலாளி, "தண்ணில எறங்குற வேலைக்கு வந்துடு ராயப்பா. டெஸ்டு பாஸ் பண்ணு. பொங்கல் வரைக்கும் பாக்குறேன், அதுக்கு மேல என்னால ஆவாது" என்றார்.

தண்ணீரில் இறங்குவது என்றால், லீவுக்கு வந்த விருந்தாளியின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய், மீனைக் காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவந்து விடுவது. அங்கே கனம் கிடையாது, தண்ணீரே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். ராயப்பன் அண்ணாவுக்கு இதைவிடத் தோதான வேலை ஏது? வானூர் தாலுகாவில் கிணற்றுக்குள் முங்குவதில் பேர் போன ஆள் அவர். அறுபதடிக் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் கழுத்துச் சங்கிலி விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மனிதர் விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதில் ஆரம்பித்தவர். இவருக்கெல்லாம் டெஸ்டா என்று நான்கூடச் சிரித்தேன்.

முதல் டெஸ்டு நீச்சல் குளத்தில் நடந்தது. எங்கள் மாஸ்டர் ஜெகதீசன் கூடவே இறங்கினார். இருபது நிமிடம் கழித்து மேலே வந்த ராயப்பன் அண்ணா, சிலிண்டரின் மீட்டரை என்னிடம் பெருமையாகக் காட்டினார். முள் கொஞ்சமும் நகரவில்லை என்றே சொல்லலாம்.

"பாரு பாப்பா, எவ்ளோ மிச்சம் புடிச்சிருக்கேன்."

ஜெகதீசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணா, இது மிச்சம் புடிக்கிற வெவகாரம் இல்லண்ணா. மூச்ச அடக்கிக்கினு மேல வந்தீங்கன்னா, உள்ள இருக்குற காத்து உப்பி நுரையீரலே கிழிஞ்சிடும். இழுக்கணும், விடணும், இழுக்கணும், விடணும். எந்நேரமும் நிறுத்தவே கூடாது. அவ்ளோதான் மொத்தப் பாடமும்."

பச்சைக் குழந்தைகூடப் படிக்காமலே பாஸாகும் பாடம் அது. இரண்டாவது டெஸ்டு கடலில், ஐந்து மீட்டர் ஆழத்தில். அங்கேயும் அதே கதைதான். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே கிளம்பியவரை ஜெகதீசன் காலைப் பிடித்துக் கீழே இழுத்து, வாயிலிருந்து குமிழி வரும் வரை விடவில்லையாம். பயந்துபோய்க் கரைக்கு வந்த ஜெகதீசன், இன்னும் ஒரே ஒரு முறைதான் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் பஸ்ஸிலேயே பிடித்துக்கொண்டேன். "இன்னாண்ணா, மூச்சு வுடறதுக்கு உங்களுக்கு இன்னா கஷ்டம்? எல்லாரும் வுட்டுக்கினுதான இருக்கோம்?"

"கிணத்துல மூச்சு வுட்டா வேல கெட்டுடும் பாப்பா. குமிழி கெளம்புனா சேறு கலங்கிடும், கை எங்க கெடக்குது கால் எங்க கெடக்குதுன்னு தெரியாது. மாதாவ நெனச்சு ஆறு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் உள்ள இருப்பேன். ஏழாவது ஆரம்பிச்சா மேல வந்துடணும்."

எனக்குப் பெரிய யோசனை உதித்துவிட்டது. "அப்போ அதையே சொல்லுங்க. ஒரு வரிக்கு இழுங்க, ஒரு வரிக்கு விடுங்க. தானா வந்துடும்."

"அது செத்தவங்களுக்குச் சொன்னது பாப்பா. மீன் பாக்கப் போறப்ப எப்படிச் சொல்றது?"

சொன்னாலென்ன, சாமி கோபித்துக்கொள்ளுமா என்று நான் அடித்துப் பேசினேன். எனக்கு வாய் அப்படி.

மூன்றாவது டெஸ்டு கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் நடந்தது. மழை விட்டுக் கடல் தெளிந்திருந்தது. இறங்குகிறவர்கள் பெயரையும் ஏறுகிறவர்கள் பெயரையும் குறித்துவைக்க நானும் படகில் போனேன். அன்றைக்கு விருந்தாளி யாரும் இல்லை. ஜெகதீசனும் ராயப்பன் அண்ணாவும் மட்டும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் மூச்சை நிறுத்தாமல் இருக்க வேண்டும்.

மேலிருந்து பார்த்தால் குமிழிகள்தான் தெரியும். இரண்டு பேருக்கும் இரண்டு கொத்து. ஜெகதீசனுடையது சீராக வந்தது. ராயப்பன் அண்ணாவுடையது முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு அதுவும் சீராக வர ஆரம்பித்தது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், இருபது. நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படித் தவித்ததில்லை. இருபத்தாறாவது நிமிடத்தில் ஒரு கொத்து நின்றுபோனது.

வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்னொரு கொத்து மட்டும் அந்தப் பக்கமாக வேகமாக நகர்ந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகக் கொப்பளித்து வந்தன, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மெதுவாக மேலே வந்தார்கள். ராயப்பன் அண்ணா இடது கையில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். படகில் ஏற்றிப் பார்த்தால், அறுந்துபோன மீன்வலை. அதற்குள் யாரோ தொலைத்த நீலச் சட்டை ஒன்று சிக்கி, மணல் நிரம்பிக் கிடந்தது.

"ஆளுன்னு நெனச்சிட்டேன் சார்" என்றார். குளிரில் அவர் தாடை ஆடியது. டிசம்பர் கடலில் அவ்வளவு குளிர் கிடையாது.

ஜெகதீசன் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ராயப்பன் அண்ணாவின் முதுகிலிருந்த சிலிண்டரைக் கழற்றினார். "அண்ணா, இங்க யாரும் சாவலண்ணா. லீவுக்கு வந்து சந்தோஷமா இருந்துட்டுப் போறாங்க."

"தெரியும் சார். எனக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியல."

படகு திரும்பியது. வழியில் எங்கள் இன்னொரு படகு எதிரே வந்தது, அதிலிருந்த விருந்தாளிகள் எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் கூவினார்கள். ராயப்பன் அண்ணாவும் மரியாதைக்குக் கையை உயர்த்தினார். ரிசல்ட்டு எழுத வேண்டிய தாளை நான் மடியில் வைத்துக்கொண்டு ஜெகதீசனைப் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்லித்தொலையேன் என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

"பெயிலுன்னே எழுதிடும்மா" என்றார் ராயப்பன் அண்ணா.

"ஏண்ணா? மாஸ்டர் ஒண்ணும் சொல்லலியே. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குது."

"எழுது. அவரு வாயால பெயிலுன்னு சொல்ல வெச்சா பாவம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்தோரு பேர எடுத்திருக்கேன் பாப்பா. ஒருத்தரக்கூட உசுரோட எடுக்கல. எடுத்துக் குடுத்தா போதும், எல்லாரும் கையெடுத்துக் கும்புடுவாங்க. உசுரோட எறங்கி உசுரோட ஏறணும்னு வர்றவங்க கைய எப்படிப் புடிக்கிறது? எனக்கு அந்தப் புடி தெரியாது. நாளைக்கு ஒரு கொழந்தப் பொண்ணு என் கையில இருக்கும்போது, கீழ ஒரு துணி ஆடுனா, நான் அதத்தான் பாத்துக்கினு போவேன்."

மந்திரம் சொல்லச் சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது. எவ்வளவு களைத்திருக்கிறார் இந்த மனிதர், இத்தனை நாள் பின் சீட்டில் தூங்குவதைப் பார்த்தும் எனக்கு இது புரியவில்லையே என்று அழுகையாக வந்தது.

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"தெரியல. எதுன்னா காவக்கார வேல கெடைக்கும். மூச்சு வுட்டுக்கினு சும்மா ஒக்காந்திருந்தா போதும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜெகதீசனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நான் பெயில் என்று எழுதினேன். அவர் அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பலகையில் கால் நீட்டி மல்லாந்து படுத்தார். கரை வருவதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது, வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினைக் குறைக்கச் சொல்லி ஜெகதீசன் படகோட்டியிடம் கை காட்டினார்.