கைராசிக்காரர்

அறுவை சிகிச்சை முடிந்து தூங்கும் குழந்தையின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். வெளியே ஒரு சொட்டுகூட வராது. பிள்ளை சமர்த்தாகத் தூங்குகிறதென்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். "அழுற பிள்ளையை நம்பலாம் சிஸ்டர். இந்தச் சமர்த்துதான் ஆளை ஏமாத்தும்," என்பார்.

ஊருக்கு அவர் தொண்டை டாக்டர். தலை நரைத்துவிட்டது, வம்பு மட்டும் குறையவில்லை. குழந்தைகளுக்கு டான்சிலை எப்படி எடுப்பது என்பதில் அவருக்கும் ஜூனியர் டாக்டரம்மாவுக்கும் வெகுநாள் வழக்கு. கத்தியால் பிரித்து நூலால் கட்டுவது இவர் கட்சி. டாக்டரம்மா மின்சாரத்தால் சுட்டெடுக்கும் சூட்டுக்கோல் கட்சி. மேசையில் இரத்தம் அதிகம் சிந்தாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

"மேசையில சிந்தாதது வீட்டுல சிந்தும்மா. ஒரு வாரம் கழிச்சு பொருக்கு உதிரும்போது பக்கத்துல யாரு இருப்பா? நீயா, நானா?"

"அப்போ முழுசா எடுக்காம, மேலாகச் செதுக்கி விட்டுடலாமே சார். வலியும் கம்மி."

"திரும்ப வளர்ந்தா திரும்பச் செதுக்குவியா? முடி வெட்டுறியா நீ?"

அந்த வாய்ச்சவடால் எல்லாம் போன வருஷத்தோடு சரி. இப்போது அவரும் சூட்டுக்கோலைத்தான் எடுக்கிறார். காலத்துக்கேற்ப மாறிவிட்டார் என்று டாக்டரம்மாவுக்கு ஒரே பெருமை. பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது. அவருடைய வலது கை நடுங்குகிறது. மடியில் கிடக்கும்போது சாதுவாக இருக்கும். நீட்டிப் பிடித்தாலோ, தொண்டைக்குள் விட்டு நூல் முடிச்சுப் போடப் போனாலோதான் வேலையைக் காட்டும். சூட்டுக்கோலில் முடிச்சுத் தொல்லை கிடையாது, காலடியில் இருக்கும் பொத்தானை மிதித்தால் போதும். மானம் தப்பியது.

போன மாதம் அப்படிச் சுட்டெடுத்த சிறுமி ஒருத்தி ஒரு வாரம் கழித்து வாய் நிறைய இரத்தத்தோடு வந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது பெற்ற தாய் ஊட்டினால்கூட வாய் திறக்க மாட்டேன் என்று பல்லைக் கடிக்கிறாளாம். கேட்டதிலிருந்து இவருக்கும் சோறு இறங்கவில்லை.

இன்று காலை ஒரு தாய் நான்கு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தூங்கும்போது குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து உலுக்கி உலுக்கித் தாயின் கண்கள் குழி விழுந்திருந்தன. டான்சிலை எடுத்தே ஆக வேண்டும் என்றார் அவர்.

"உங்க சொந்தப் பிள்ளையா இருந்தா எப்படி டாக்டர் எடுப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வளையவில்லை. "கத்தியாலதாம்மா," என்றார்.

"அப்போ அப்படியே செஞ்சிடுங்க. உங்க கைராசியைக் கேள்விப்பட்டுத்தான் வந்தோம். வேற யாரும் என் பிள்ளையைத் தொட வேணாம்."

பக்கத்து நாற்காலியில் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. பழைய சண்டை திரும்ப வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அவருக்கோ வெட்கத்தில் காது மடல் சுட்டது. சரி என்றால் குழந்தையின் கழுத்துக்குக் கத்தி. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். குழந்தை தாயின் தோளில் வாயைப் பிளந்துகொண்டு, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவர் சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டார். வலது கையைத் தாயின் கண்ணெதிரே நீட்டினார். விரல்களை விரித்து, அவள் பார்த்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்.