சுதும்பு மீனின் பால் பெயர்

உங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் காக்கைக்கு இன்னொரு பெயர் போட்டிருப்பதைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டீர்கள். கோர்வுஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்கிற லத்தீன் பெயர். முதல் சொல்லுக்குக் காக்கை என்றே பொருள். இரண்டாவது சொல்லுக்குப் பளபளக்கிறது என்று பொருள். காசிமேட்டுக் கரையில் மீன்குடலுக்கு அடித்துக்கொள்ளும் காக்கையைப் போய்ப் பளபளப்பு என்று சொன்னவர், அதைக் காலை வெயிலில் இறக்கைப் பக்கமாகப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு லத்தீன் தெரியாது. நான் படித்தது நாலாவது பாரம், அதாவது உங்கள் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் இரண்டு வருஷ காலம் அந்தப் பெயர்களை எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். அவற்றில் ஒரு பெயரை நம்பி நான் செய்த காரியம் உங்களில் மூத்தவளைப் பற்றியது. காக்கையில் ஆரம்பித்தாகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு கட்டிடத்தில் மீன் ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்று இருந்தது. அங்கே நீளமான ஒரு அறை முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் தண்ணீரில் ஒரு மீன். உப்புக்காற்றில் லேபில்கள் உரிந்துகொண்டே இருக்கும். என் கையெழுத்து நன்றாக இருந்ததால், பழைய லேபிலைப் பார்த்துப் புது லேபில் எழுதி ஒட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். முதல் மாதம் அர்த்தம் தெரியாமல் கோலம் போடுவது போலத்தான் எழுதினேன்.

ஃபார்மலினில் போட்டால் மீனை விட்டு முதலில் போவது அதன் நிறம். நைகர் என்று எழுதிய கருப்பு வவ்வால் மீனும் அர்ஜெண்டியஸ் என்று எழுதிய வெள்ளை வவ்வால் மீனும் பக்கத்துப் பக்கத்து ஜாடிகளில் பழைய வேட்டி நிறத்தில் கிடந்தன. நைகர் என்றால் கருப்பு, அர்ஜெண்டியஸ் என்றால் வெள்ளி. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி.

அண்ணாச்சி தெற்கத்திக்காரர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் பாடுகிறவர். சின்ன வயதில் சாமியாருக்குப் படிக்கப் போய் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தவர். அந்தக் காலத்தில் பூசை முழுவதும் லத்தீனில்தான் நடக்கும். ராயபுரத்தில் அந்தப் பாஷையைக் கேட்காத காது கிடையாது, அர்த்தம் தெரிந்த ஆள்தான் கிடையாது. அண்ணாச்சிக்குக் கொஞ்சம் தெரியும். நான் பெயர்களைச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே சொல்லுவார்.

"இந்த ரெண்டாவது சொல்லு தலைன்னு அர்த்தம். கிரேக்கச் சொல்லு, லத்தீன்ல வந்து குடியேறிட்டு."

"மடவைக்குப் போட்டிருக்கு, அண்ணாச்சி. மொட்டைத் தலை மீனு அது."

"அப்பொ சரியாத்தான வச்சிருக்கான்!"

பெயர் ஏன் இரண்டிரண்டு சொல்லாக வருகிறது என்பதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். நமக்கு இனிஷியல் இருப்பது போலத்தான் அது. முதலில் இருப்பது குடும்பத்துக்குப் பொது, பின்னால் வருவது அந்த மீனுக்கு மட்டும். சில லேபில்களில் முதல் சொல்லை ஒற்றை எழுத்தாக்கி, புள்ளி வைத்துக்கூட எழுதியிருப்பார்கள்.

ஒரு நாள் லாக்டாரியஸ் லாக்டாரியஸ் என்று ஒரு லேபில் வந்தது. அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒன்றே. ஜாடியில் இருந்தது சுதும்பு மீன். அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"லாக்-ன்னா பாலுல்லா. பூசையில வருமே. பாலுக்காரன், பாலுக்காரன்னு எழுதியிருக்கு."

அந்தச் சமயத்தில் மூத்தவள் பிறந்து மூன்று வாரம். உங்கள் அம்மாவுக்குத் தாயார் இல்லை. பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு இல்லாததால் எங்கள் ஒற்றை அறையிலேயே இருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். குழந்தை பாலுக்கு வாய் வைக்கும், கொஞ்சம் உறிஞ்சும், விட்டுவிட்டு அழும். வர வர அழுகைச் சத்தமும் சிறுத்துவிட்டது. வியாழக்கிழமைதோறும் குழந்தைகளை எடைபோடும் நர்ஸம்மா தராசைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். பிறந்தபோது ஆறு பவுண்டு இரண்டு அவுன்ஸ். இப்போது ஐந்தே முக்கால்.

"பால் பத்தல. அம்மா நல்லா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்கள்.

"சாப்பிடறா" என்றேன். நான் பார்த்துச் சொல்லவில்லை.

"அடுத்த வியாழக்கிழமையும் ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும். மூணு வாரத்துக் குழந்தை, இதுக்குமேல எறங்கினா தாங்காது."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா என்கிற சின்னச் சுறாமீனைப் புட்டாக்கிக் கொடுப்பார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டில் சொன்னேன். "சுறா வாசனையே எனக்கு ஆவாதுங்க" என்றாள் உங்கள் அம்மா. எனக்கு உடனே சுதும்பு ஞாபகம் வந்தது. படித்தவர்கள், உலகம் முழுக்க மீன்களைப் பார்த்தவர்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பால் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமலா எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ரயில்வே கேட் பக்கத்தில் கூடை வைத்து விற்கும் மீன்காரம்மாவிடம்தான் நாங்கள் எப்போதும் வாங்குவது. நான் சுதும்பைப் பொறுக்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, பச்ச ஒடம்புக்காரி வூட்ல கீறா, நீ சுதும்ப பொறுக்கிகினு கீறே? இத்தப் பாரு பால்சுறா. இப்பத்தான் கட்டுமரத்துலேர்ந்து எறங்குச்சு."

"சுதும்புதான் வேணும்க்கா. இதுக்குப் பேரே பாலுதான்."

"எவன் சொன்னான்?"

"லத்தீன்ல எழுதியிருக்கு. ரெண்டு தபா. பாலு, பாலுன்னு."

"லத்தீனா? சாமியாரு கோயில்ல பாடறாரே, அதுவா?"

"அதேதான்."

அவள் பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்துத் திரும்பினாள். "அடியே, கேட்டியா! சாமியாரு வலை இழுக்க வந்துட்டாராம்!" இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "சதை பாலாட்டம் வெள்ளையா கீது. அத்தப் பாத்து வெச்சிருப்பான். துன்னா பால் வரும்னு அவன் சொன்னானா? நாங்க வவ்வாலுன்னு ஒரு மீனுக்குப் பேரு வெச்சிகீறோம். அது இன்னா மரத்துல தொங்குதா?"

"அப்ப பால்சுறாவும் வெறும் பேருதானே?"

"அது குடுத்துப் பாத்து வெச்சது நைனா. உன் தொரை எத்தினி புள்ளைக்குக் குடுத்துப் பாத்தான்?"

எனக்குக் கோபம் வந்தது. கைநாட்டுக்காரி, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆறு நாள் விடாமல் சுதும்பு வாங்கிக்கொண்டு போனேன். தினமும் என் தலை தெரிந்ததும் அவள், "வந்துட்டாருடி, ரெட்டைப் பாலு!" என்று கத்துவாள். நான் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடிவிடுவேன். தட்டில் எவ்வளவு சோறு விழுந்தது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை தராசு ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸ் காட்டியது, போன வாரத்தைவிட இரண்டு அவுன்ஸ் குறைவு. நர்ஸம்மா சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார்கள். "திங்கக்கிழமை ஒரு தடவை கொண்டு வாங்க. அன்னிக்கும் இப்படியே இருந்தா இதை எடுத்துக்கிட்டு நேரா போயிடுங்க." உங்கள் அம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் ஆபீசரிடம் போய், சுதும்புக்கு ஏன் பால் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். லேபில் எழுதுகிறவன் அப்படிக் கேட்டது அவருக்கு ஆச்சரியம். தடியான ஒரு புத்தகத்தைப் புரட்டினார்.

"புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க இதைப் பால்மீன்னு கூப்பிட்டிருக்காங்க. சதை வெள்ளையா, மெதுவா இருக்கே, அதனால. ஏன் கேக்கறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேர் எதுக்குன்னா, ஜாடி மாறிப் போகாம இருக்கறதுக்கு. அவ்வளவுதான்யா" என்றார். பிறகு சுறா ஜாடி ஒன்றைக் காட்டினார். நானே எழுதிய லேபில்தான் அதில் இருந்தது. ஸ்கோலியோடான் சொர்ரக்கோவா. "முதல் சொல்லுக்குக் கோணப் பல்லுன்னு அர்த்தம். ரெண்டாவது லத்தீனே இல்ல. சொர்ராங்கறது நம்ம சுறாதான். தெலுங்குக் கரையில மீன்காரங்க சொன்னதை ஒருத்தர் கேட்டு அப்படியே எழுதிக்கிட்டார்." எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியவன் நான். அதற்குள் சுறா இருந்தது எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மீன்காரம்மாவிடம் போனேன். கூடை காலியாக இருந்தது. அவள் வழக்கம்போல வாயைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். "புள்ளைக்கு எடை எறங்கிடுச்சா?" என்றாள். தலையை ஆட்டினேன். "காலைல நான் வரேன், போ."

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நாலு சின்ன பால்சுறாக்களோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சொரசொரப்பான தோலைத் தேய்த்து உரித்தாள். வெந்த சதையை உதிர்த்துப் பிழிந்து, மஞ்சள் போட்டு, இரண்டு கை பூண்டு தட்டிப் போட்டு வதக்கினாள். பூண்டு வாசனையில் சுறா வாசனை அடங்கிப்போனது. தட்டு நிறையச் சோறு போட்டு உங்கள் அம்மா முன்னால் வைத்தாள். உங்கள் அம்மா பாதியைத் திருப்பி எடுத்து வைத்தாள்.

"இன்னாம்மா, குருவியா நீ?"

"பச்ச ஒடம்புக்கு அர வயிறுதான் சாப்பிடணும்னு சொன்னாங்க."

"தண்ணி?"

"ரெண்டு வாய். அதுக்கு மேல குடிச்சா வயிறு வத்தாது, ஜன்னி வரும்னு..."

"எவ சொன்னா? நாலு வாரமா இப்பிடியா? சட்டியில ஊத்தாம கொழம்பு எப்பிடிம்மா கொதிக்கும்?" அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாய்யா பண்ணிகினு இருந்தே? மீனுக்குப் பேரு பாத்துகினு இருந்தியா?"

உங்கள் அம்மா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே முழுத் தட்டையும் சாப்பிட்டாள். ஒரு சொம்பு வெந்நீரைக் குடித்தாள். மீன்காரம்மா எதிரில் உட்கார்ந்து, சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள்.

அடுத்த மூன்று நாளும் புட்டு நடந்தது. ஆபீசுக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானச் சோறு நானே போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அழுகைச் சத்தம் முன்பு போலப் பலமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

திங்கட்கிழமை தராசில் முள் ஐந்து பவுண்டு பதினைந்து அவுன்ஸில் நின்றது. நர்ஸம்மா இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்தார்கள். அதேதான். ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்கள்.

சுறாவால்தான் என்று மீன்காரம்மா ஊரெல்லாம் சொன்னாள். சோறும் தண்ணீரும்தான் என்றார்கள் நர்ஸம்மா. ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டதாக அண்ணாச்சி சொன்னார். எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல உங்களிடம் சொல்லவும் மாட்டேன். எடைபோட்டு வந்த அன்று மத்தியானம் உங்கள் அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் மூன்றாவது தரம் கரண்டியை எடுத்தபோது, போதும் என்று கையால் தட்டை மூடினாள். அப்படியும் ஒரு கரண்டி வைத்தேன்.