புல்லட் ரயிலை நம்பிப் பெண் கேட்டது

என் அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் குடியும் இல்லை, கோபமும் இல்லை. ஏற்காடுதான். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஏரிக்கரையில் நின்றுகொண்டு ‘இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறதே’ என்று உருகுவார்கள். சரி, பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிடுவார்கள்.

அண்ணனும் மலையை விட்டு இறங்குகிற ஆள் இல்லை. கொட்டச்சேட்டில் அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டம், அதில் ஏறிய மிளகுக் கொடி, காவலுக்கு என்று வளர்த்து மடியில் படுக்கப் பழகிய நாய்கள், இவ்வளவுதான் அவர் உலகம். உரம் வாங்கச் சேலத்துக்குப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவார். கீழே இருக்கிற நேரமெல்லாம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் ராத்திரி சமவெளியில் தங்கச் சொன்னால் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்ன மாதிரி முகம் வாடிப்போகும்.

இந்த மனிதருக்குத்தான் சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் மாதா கோயிலில் பழக்கமான ஓர் அக்கா சொல்லிவிட்டது. பெண்ணுக்கும் முப்பதுகளின் கடைசி. பெரம்பூர்ப் பக்கம் வீடு, ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, கூடவே வயதான அம்மா. போட்டோவைப் பார்த்த அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவரை எனக்குத் தெரியாதா? பிடித்துவிட்டது.

பெண் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். வேலையை விடமாட்டேன். நியாயமான பேச்சு. ஆனால் அவர் அங்கே, இவர் இங்கே என்றால் அது எந்த ஊர்க் கல்யாணம்? வேறு யாராக இருந்தாலும் போட்டோவைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அண்ணன் கொடுக்கவில்லை. அவருக்குத் துணையாக மத்திய அரசே இருந்தது.

நாடு முழுக்க அதிவேக ரயில் பாதைகள் போடப்போகிறார்கள் என்று பேப்பரில் படத்தோடு செய்தி வந்திருந்தது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு கோடு. அண்ணன் அந்தப் பக்கத்தை வெட்டி, மாதா படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்தார்.

“கோடு சேலத்துப் பக்கமே வரலீங்களேண்ணா” என்றேன்.

“பெங்களூரு வரைக்கும் போறவன் சேலத்துக்கு வரமாட்டானா கண்ணு? கீழ எறங்கிட்டா அப்பறம் என்ன, நேர் ரோடுதான?”

இது எங்கள் மலைக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள கோளாறு. எங்களுக்குத் தூரம் என்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே போய்விட்டால் பயணம் முடிந்தது என்று நினைப்போம். அதற்கப்புறம் சென்னையானாலும் டெல்லியானாலும் தட்டையான தரை, அது ஒரு தூரமா? அடிவாரத்தில் நின்றுகொண்டு ‘வந்துட்டேன்’ என்று சென்னைக்காரருக்குப் போன் செய்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

வீடு பார்க்கப் பெண்ணும் அவர் அம்மாவும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள். ஊருக்குள் ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் அண்ணன் வீடு, பக்கத்து வாசல் எங்களுடையது. சமையல் என் பொறுப்பு. மேலே ஏறி வருகிறவர்கள் எந்த வளைவில் இருக்கிறோம் என்று போன் செய்வதும், அதற்குத் தக்கபடி இங்கே அடுப்பைப் பற்றவைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். வளைவுக்கு வளைவு நம்பர் எழுதிய பலகை இருக்கிறது, பிறகு கடிகாரம் எதற்கு? பதினைந்தாவது வளைவு என்று பெண்ணுடைய தம்பி சொன்னதும் பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைத்தேன். பஜ்ஜி பொரிந்து தட்டுக்கு வந்துவிட்டது, ஆட்களைக் காணோம். பெண்ணின் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டி, காரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். ஆறிப்போன பஜ்ஜிகளை நாய்கள் சாப்பிட்டன. நான் மறுபடியும் மாவு கரைத்தேன்.

அந்த அம்மா கசங்கிய முகத்தோடு வந்து சோபாவில் சாய்ந்தார். “இந்த ரோட்டுல எம்பொண்ணு வாரா வாரம் வரணுமா?” என்பதுதான் அவர் எங்கள் வீட்டில் பேசிய முதல் வார்த்தை.

இரண்டாவது முறை பொரித்ததால் தாமதம் என்று நான் வளைவுக் கணக்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெண் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபோது போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தார். அண்ணனுக்கு அதில் தைரியம் வந்துவிட்டது. எழுந்துபோய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு புல்லட் ரயிலை ஆரம்பித்தார். எந்தப் பாதை, என்ன வேகம், ஒரு தூக்கம் போடுவதற்குள் எப்படி வந்துவிடலாம் என்று விரலால் கோட்டைத் தடவித் தடவிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில்கூட அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பெண் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இது எப்ப வரும்?” என்றார்.

“பிளான் போட்டாச்சுங்க.”

“அது சரி. வரலைன்னா?”

கேலியில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரல். அண்ணனின் விரல் கோட்டின் மேலேயே நின்றுவிட்டது. இதுவும் போச்சு, இனி இந்த மனிதர் நாய்களோடுதான் காலம் தள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தனியாக இருப்பது எனக்கு எவ்வளவு வேதனை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அண்ணன் விரலை எடுத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். மலை மேலே அவர் கழுத்தைத் துடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“வராட்டி நான் வர்றனுங்க” என்றார். “இப்ப ஓடுற ரயில்லயே வர்றனுங்க.”

வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், கிளம்பினார்கள். பெண் என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். கார் போனதும் அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்கிற வேலை இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்.

அவர் செருப்பை மாட்டும்போது என் போன் அடித்தது.

“ஒன்பதாவது வளைவுல நிக்கிறோம்” என்றார் பெண். “அம்மாவுக்கு மறுபடி முடியல. உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு. வந்துருவாரான்னு பாக்கறேன்.”

சொன்னேன். அண்ணன் ஒரு காலில் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “நொம்ப வெக்கையா இருக்குமே கண்ணு” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

போனார். வேர்க்குருவோடு திரும்பி வந்தார். மறுபடியும் போனார். அடுத்த தை மாதம் எங்கள் கோயிலில் கல்யாணம் நடந்தது. இப்போதும் ஏற்பாடு அப்படியேதான். அண்ணிக்கு நீண்ட விடுமுறை கிடைத்தால் மேலே வருவார், மற்றபடி வாரக் கடைசியில் இவர் இறங்குவார். நாய்களுக்குச் சோறு வைப்பது என் வேலையாகிவிட்டது.

போன மாதம் எனக்கும் சென்னையில் வேலை இருந்ததால் அவரோடு ரயிலில் போனேன். ஜோலார்பேட்டையில் ஒரு போன், காட்பாடியில் ஒரு போன். சமவெளியில் ஏது வளைவு? அதற்குப் பதில் ஸ்டேஷனை வைத்துக்கொண்டார்கள். அரக்கோணம் என்றால் அண்ணி அரிசியை ஊறவைப்பார், திருவள்ளூர் என்றால் அடுப்பில் ஏற்றுவார்.

எதிர் சீட்டுக்காரர் பேப்பரை விரித்திருந்தார். சென்னை–பெங்களூரு அதிவேகப் பாதை பட்ஜெட்டில் மறுபடியும் வந்திருந்தது. அண்ணன் எட்டிப் படித்தார். அந்தப் பாதைக்காகச் சுவரில் பசை தடவிய மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் சுணங்கிவிட்டது. போனை எடுத்தார்.

“ஏனுங்க, அந்த ரயில் வருதாமா. அது அரக்கோணத்துலயும் நிக்காது, திருவள்ளூர்லயும் நிக்காது. ஏறி உக்காந்தா எறங்கோணும். அப்பறம் நீங்க அரிசிய எப்ப ஊறவெப்பீங்க?”

அண்ணியின் சிரிப்பு எனக்கே கேட்டது.

“அது வர்றப்ப வரட்டும். நீங்க இப்ப எங்க வர்றீங்க? அதச் சொல்லுங்க.”

அண்ணன் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். “அரக்கோணம் வருதுங்க” என்றார்.