ஒரு மழைக்குக் காத்திருக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி கேட்டிலிருந்து போன் வந்தது. "சார், நம்ம முனிராஜ் போயிட்டாருங்க. காலையில நெஞ்சுவலின்னு சொன்னாராம்" என்றார் காவலாளி. ஸ்டோர்ஸில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு அலுத்த வயது இது. ஆனாலும் இவரிடம் நான் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கியிருந்தது.

உத்தனப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்துபோன ஃபிட்டர் முனிராஜை உங்களில் பலருக்குப் பாம்பு பிடிப்பவராகத்தான் தெரியும். பாறையை உடைத்துக் கட்டிய நம் ஃபேக்டரி ஷெட்டுகளில் பாம்பு வராத மாதம் கிடையாது. தடியோடு நிற்பவர்களை அவர் அதட்டமாட்டார். "சாரைங்க, எலிக்கு வந்திருக்குது" என்பார். கன்னடக்காரரிடம் கன்னடத்திலும் தெலுங்குக்காரரிடம் தெலுங்கிலும் அதையே சொல்வார். கோணியில் கட்டி எடுத்துப்போனால், கேட் பாஸ் இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகாது என்று காவலாளி மறிப்பார். நான்தான் எழுதித் தருவேன். பொருள்: சாரைப்பாம்பு. எண்ணிக்கை: ஒன்று. திரும்பி வருமா என்ற கட்டத்தில் 'வரும்' என்று போடச் சொல்வார். "அதோட ஊடு இதுதானுங்களே சார்."

பின்சுவரை ஒட்டி ஒரு குட்டை இருந்தது. புது ஷெட்டுக்காக அதை மூட முடிவாகி, அதில் என்ன இருக்கிறதென்று பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள். சித்திரை மாதம். வெடித்த மண்ணும் பிளாஸ்டிக் பைகளும்தான் கிடந்தன. கூடவே வந்த முனிராஜ் ஒரு முழம் தோண்டினார். உள்ளே உருண்டையாக ஒரு தவளை அசையாமல் கிடந்தது.

"தூங்குது சார். கோடையில எல்லாம் உள்ளாறதான் இருக்கும். ஒரு மழை வரட்டும், அப்புறம் எழுதுங்க."

மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். 'காய்ந்த குட்டை, உயிரினம் எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி. மறுவாரமே லாரிகள் வந்து மண் கொட்டின.

முதல் மழை ஒரு மாலையில் பெய்தது. முந்தைய வருடம் இதே மழைக்கு, ஸ்டோர்ஸில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத அளவுக்குத் தவளைகள் கத்தின. ஷிப்ட் முடித்து வந்த முனிராஜ் என் ஜன்னலருகே நின்று குட்டைப் பக்கம் காது கொடுத்தார்.

"ஒண்ணும் கேக்கல சார்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "மழை நிக்கட்டும், அப்புறம் போங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் நனைந்துகொண்டே சைக்கிளை எடுத்துப் போனார்.

அவர் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். வருடத்தின் முதல் மழைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக் காது கொடுக்கிறேன். புது ஷெட்டில் மெஷின் ஓடுவது மட்டும் கேட்கிறது. அன்று நான் எழுதியது பொய். இப்போது அது உண்மையாகிவிட்டது.